பகைவனா, திருப்பணியா? தொலைந்த கலையைத் தேடும் வரலாற்றுப் புனைகதையும் தமிழகச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

மறைந்துபோன ஓவியத்தையோ சிற்பத்தையோ மையமாகக் கொண்டு காதலும் மர்மமும் கலந்து எழுதப்படும் வரலாற்று நாவல், உலக இலக்கியத்தில் நிலைபெற்ற ஒரு வகை. தமிழில் அவ்வகைக்கு நெருக்கமானவை கல்கியின் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகிய இரண்டும். இந்நாவல்கள் கலை மறைவதற்கும் சிதைவதற்கும் முன்வைக்கும் காரணத்தைக் கல்வெட்டு, சுவரோவியச் சான்றுகள் காட்டும் காரணத்தோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. புனைகதை பகைவனைக் காரணமாக்குகிறது. சான்றுகளோ பெரும்பாலும் வழிபாட்டு ஆர்வத்தால் நிகழ்ந்த திருப்பணியையும், பிற்காலக் கவனக்குறைவையும் சுட்டுகின்றன. இவ்வேறுபாடு இன்றைய கலைப்பாதுகாப்புக்கும் பொருந்துவதைத் திண்டுக்கல் வட்டாரத்தை முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வரலாற்று நாவல், கல்கி, சுவரோவியம், திருப்பணி, அஜந்தா, திண்டுக்கல் மலைக்கோட்டை, தாடிக்கொம்பு.

1. முன்னுரை

திண்டுக்கல் நகரின் நடுவே எழுந்து நிற்கும் மலைக்கோட்டையின் உச்சியில் ஒரு கோயில் உள்ளது. தூண்களும் மண்டபமும் கருவறையும் இருக்கின்றன. கருவறையில் திருமேனி இல்லை. மலைமேல் இருந்த தெய்வத் திருமேனிகள் கீழே ஊருக்குள் உள்ள அபிராமியம்மன் கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டன என்பது ஊர் வழக்கு. இடப்பெயர்ச்சியைத் திப்பு சுல்தான் காலத்துக் கோட்டை நிருவாகத்தோடு இணைத்துச் சொல்வாரும் உண்டு.

வெறுமையான கருவறையைக் காணும் எவர் மனத்திலும் ஒரு கதை பிறக்கும். யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், எங்கே மறைத்தார்கள் என்னும் வினாக்கள் வரிசையாக எழும். அவ்வினாக்களுக்குப் பகைவன் ஒருவனைக் கற்பித்துக்கொள்வது கதைக்கு எளிது. ஆயினும் இக்கோட்டையின் வரலாறு வேறொரு விடையையும் தருகிறது. மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இக்கோட்டையைத் திருமலை நாயக்கர் வலுப்படுத்தினார். 1755இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌஜுதாராக வந்தார். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. இவ்வாறு பாறை முழுவதும் படைவீடாக இருந்த நிலையில், அடியவர் அன்றாடம் ஏறிவந்து வழிபடுவது அரிதாகியிருக்கும். ஊர் வழக்கை அப்படியே ஏற்றாலும் அது கூறும் செய்தி திருமேனி அழிந்தது என்பதன்று, இடம் மாறிற்று என்பதே. வழிபாடு இன்றும் தொடர்கிறது.

'அழிந்தது', 'இடம் மாறிற்று', 'மூடப்பட்டது' ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால் நம் கலை வரலாற்று உணர்வு எவ்வாறு திரிகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. வகையின் இலக்கணம்: பிளாரன்சு நகரச் சுவர்

தொலைந்த மறுமலர்ச்சிக்கால ஓவியத்தைத் தேடும் மேலைநாட்டு நாவல்களுக்கு ஊற்றாக விளங்கும் உண்மை நிகழ்வுகளுள் தலையாயது பிளாரன்சு நகரத்து அரண்மனை மண்டபம் பற்றியது. பலாட்சோ வெக்கியோ எனப்படும் அம்மாளிகையின் பெருமண்டபத்தில் 'ஆங்கியாரிப் போர்' என்னும் ஓவியத்தைத் தீட்டும் பணி 1503இல் லியோனார்தோ தா வின்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. பணி முற்றுப்பெறவில்லை. 1563இல் அம்மண்டபத்தைப் புதுப்பிக்கத் தொடங்கிய ஜோர்ஜோ வசாரி, அதன் சுவர்களில் தம் போர்க்காட்சிகளைத் தீட்டினார். அவற்றுள் ஒன்றில் ஒரு சிறு கொடியின்மீது 'தேடு, கண்டடைவாய்' என்னும் பொருள்படும் இரண்டு இத்தாலியச் சொற்கள் எழுதப்பட்டுள்ளன. லியோனார்தோவின் ஓவியம் வசாரியின் சுவருக்குப் பின்னால் இருப்பதற்கான குறிப்பு இது என்று மவுரித்சியோ செராச்சினி என்னும் ஆய்வாளர் கருதினார். 2012இல் சுவரில் சிறு துளைகளிட்டு நடத்தப்பட்ட ஆய்வு எதிர்ப்பினால் நிறுத்தப்பட்டது. லியோனார்தோ சுவரில் வண்ணம் தீட்டவே இல்லை என்று வாதிடும் அறிஞரும் உளர். தான் பிரவுன் 2013இல் வெளியிட்ட 'இன்பெர்னோ' நாவல் இச்சொற்களைக் கதைக்குப் பயன்படுத்திக்கொண்டது.

இந்நிகழ்விலிருந்து இவ்வகை நாவலின் மூன்று உறுப்புகளைப் பிரித்தறியலாம். முதலாவது, மேலே ஓர் அடுக்கும் கீழே ஓர் அடுக்குமாக அமைந்த கலைப்பொருள். இரண்டாவது, அறிந்தவர்க்கு மட்டும் விளங்கும் குறிப்பு. மூன்றாவது, தேடுவோரிடையே முகிழ்க்கும் காதலும் அத்தேடலைத் தடுக்கும் பகையும். முதல் இரண்டுக்கும் பிளாரன்சில் வரலாற்று அடிப்படை உண்டு. மூன்றாவதான பகை கதைக்காகச் சேர்க்கப்படுவது. வசாரி லியோனார்தோவின் பகைவர் அல்லர். அவரை வியந்து வரலாறு எழுதியவர். அவர் செய்தது மண்டபத் திருப்பணி.

3. கல்கியின் இரு நாவல்கள்

தமிழில் இம்மூன்று உறுப்புகளும் கல்கியின் படைப்புகளில் தெளிவாகக் காணப்படுகின்றன. 1941இல் தொடங்கிக் 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த 'பார்த்திபன் கனவு' நாவலில், உறையூர்ச் சோழ மன்னன் பார்த்திபன் தன் மனக்கனவுகளை ஓவியங்களாகத் தீட்டி ஒரு சித்திர மண்டபத்துள் மறைத்து வைத்திருக்கிறான். போருக்குச் செல்லுமுன் அவற்றைத் தன் மகன் விக்கிரமனுக்குக் காட்டுகிறான். பிறர் காணாத ஓவியம் ஒரு மைந்தனின் வாழ்நாட் கடமையாக மாறுகிறது. அக்கனவுக்குத் தடையாக நிற்கும் பல்லவரின் இளவரசியே அவனுடைய காதலியாகவும் ஆகிறாள். இங்கு ஓவியம் மறைந்திருப்பதற்குக் காரணம், சோழ நாடு பல்லவருக்கு அடங்கிக் கிடப்பது.

1944 முதல் 1946 வரை தொடராக வந்த 'சிவகாமியின் சபதம்' இன்னும் நுட்பமான அமைப்புடையது. ஆயனச் சிற்பியின் தீராத ஏக்கம், அஜந்தா ஓவியங்களின் மங்காத வண்ணக் கலவையின் இரகசியத்தை அறிவது. அவ்விரகசியத்தைப் பெற்றுவரவென்று பரஞ்சோதியிடம் ஓர் ஓலை தரப்படுகிறது. நாகநந்தி என்னும் பிக்ஷு அளித்த அவ்வோலை உண்மையில் புலிகேசிக்குச் செல்லும் போர்ச்செய்தி. வச்சிரபாகு என்னும் மாற்றுருவில் வரும் மகேந்திர பல்லவர் வழியில் அதனை மாற்றிவிடுகிறார். கலையின் மறைபொருளும் அரசியலின் மறைபொருளும் ஒரே ஓலையில் பிணைக்கப்படுவது தமிழ் வரலாற்று நாவலின் சிறந்த புனைவுத் திறன்களுள் ஒன்று.

இந்நாவலில் கலைக்கு நேரும் கேடு முழுமையும் பகைவனிடமிருந்து வருகிறது. புலிகேசி பல்லவ நாட்டுச் சிற்பங்களைச் சிதைக்கவும் சிற்பிகளை ஊனப்படுத்தவும் ஆணையிடுகிறான். ஆடற்கலையின் உருவமான சிவகாமி சிறைப்படுகிறாள். அவளுடைய சபதம் வாதாபியின் அழிவில் நிறைவேறுகிறது. கலையைக் காப்பது படைவலி. கலையை அழிப்பது எதிரிப் படை. இதுவே நாவலின் அடிப்படைச் சமன்பாடு.

4. நாவல்களுக்கு முற்பட்ட இருபது ஆண்டுகள்

இவ்விரு நாவல்களும் தோன்றிய காலச்சூழலைக் கருதுதல் வேண்டும். புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் ஓவியங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் 1920இல் ஆய்வுலகுக்கு விரிவாக அறிமுகப்படுத்தினார். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் பல்லவர் ஓவிய எச்சங்களை அவரே 1931இல் கண்டார். அதே 1931இல், தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவிய அடுக்கின் அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரர் வரலாறு, தில்லைக் கூத்தப்பெருமான் வழிபாடு, திரிபுராந்தகர் முதலிய காட்சிகள் மீண்டும் வெளிப்பட்டன.

இருண்ட உட்சுற்றில் மூடிக்கிடந்த சோழர் ஓவியங்கள் வெளிப்பட்டுப் பத்தாண்டு கழிந்த நிலையில், பூட்டிய மண்டபத்துள் சோழ மன்னன் ஒருவன் மறைத்துவைத்த ஓவியங்களைக் கல்கி படைக்கிறார். இக்காலப் பொருத்தம் கருதத்தக்கது. தொலைந்த கலை மீண்டும் கிடைக்கும் என்னும் நம்பிக்கையைத் தமிழ் வாசகர் பெற்ற தலைமுறையிலேயே இந்நாவல்கள் தோன்றின. மறைவிலிருந்து மீளும் ஓவியம் என்னும் கருவை வாசகர் இயல்பாக ஏற்றுக்கொண்டதற்கு இதுவே பின்புலம் எனலாம்.

எனினும் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. மகேந்திரவர்மனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்னும் பட்டம் உண்டு. ஓவியப் புலமையில் இத்தகைய பெயர்பெற்ற அரசனைத் தன் நாட்டிலேயே கொண்ட ஆயனச் சிற்பி, வண்ண நுட்பத்துக்கு அஜந்தாவை நோக்கி ஏங்குகிறார். தமிழ்க் கலை வரலாற்றில் உண்மையாகவே தொலைந்த செல்வம் மகேந்திரனின் ஓவிய மரபு. அதனை நாவல் தேடவில்லை. அஜந்தாவின் வண்ணங்களோ இன்று மறைபொருள் அல்ல. காவி, மஞ்சட்காவி, விளக்குக்கரி, வெண்சுண்ணம், பச்சை மண், தொலைவிலிருந்து வந்த நீலக்கல் ஆகியவற்றைப் பசையோடு குழைத்து உலர்ந்த பூச்சின்மீது தீட்டியவை அவை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் 1930களில் தஞ்சைச் சுவரோவியங்களைப் பகுப்பாய்ந்து, சோழர் ஓவியங்கள் ஈரச் சுண்ணப் பூச்சின்மீது தீட்டப்பட்டவை என்னும் முடிவுக்கு வந்தார். ஆயனர் ஓலை அனுப்பித் தேடிய விடையை, கதை எழுதப்படுமுன்னரே ஆய்வுக்கூடம் தேடத் தொடங்கிவிட்டது.

5. பகைவன் விட்டுச்சென்ற கல்வெட்டு

பகைவனே கலையை அழிப்பான் என்னும் சமன்பாட்டைச் சோதிக்கத்தக்க சான்று காஞ்சியிலேயே உள்ளது. கைலாசநாதர் கோயில் இராசசிம்ம பல்லவனால் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டது. புலிகேசியின் வழிவந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பின்னர்க் காஞ்சியைக் கைப்பற்றினான். வாதாபியின் அழிவுக்குப் பழிதீர்க்க வேண்டிய மரபினன் அவன். ஆனால் இக்கோயிலின் மண்டபத் தூண் ஒன்றில் கன்னட மொழியில் அவன் பொறித்த கல்வெட்டு, இராசசிம்மேச்சுரத்தின் செல்வத்தைக் கண்டு அதனை இறைவனுக்கே திரும்ப அளித்த செய்தியைக் கூறுகிறது. அவன் மகனின் கேந்தூர்ச் செப்பேடும் காஞ்சியை அவன் அழிக்கவில்லை என்கிறது. அவனுடைய அரசி உலோகமாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த விரூபாட்சர் கோயிலில் காஞ்சிக் கட்டடக்கலையின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. படையெடுத்து வந்தவன் கலையை அழிக்கவில்லை; தன் நாட்டுக்கு அதன் வடிவை எடுத்துச் சென்றான்.

மறுபுறம், வாதாபியை அழித்த செயலைத் தமிழ்ச் சான்றுகள் பெருமையாகவே பேசுகின்றன. பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாறு, அவர் வாதாபியைத் துகளாக்கி மணிகளையும் யானைகளையும் கொண்டுவந்ததைச் சொல்கிறது. கல்கியின் நாவலும் இதனை மறைக்கவில்லை. ஆயின் சிவகாமியின் துயரம் அச்செயலுக்கு நியாயமாக அமைகிறது. காதல் கதையின் உணர்ச்சி, அழிவின் கணக்கை ஒருபக்கமாகச் சாய்த்துவிடுகிறது.

6. மூடிய கை யாருடையது?

சாளுக்கியன் தொடாமல் விட்ட கைலாசநாதர் கோயிலின் ஓவியங்கள் பின்னர் எங்கே போயின? அவை பிற்காலத்தில் பூசப்பட்ட சுண்ணத்தின் அடியில் போயின. ழுவோ துப்ராய் கண்டவை அப்பூச்சு நீங்கிய இடங்களில் வெளிப்பட்ட எச்சங்கள். பூசியவர் பகைவர் அல்லர். கோயிலைத் தூய்மையாக வைத்திருக்க விரும்பியவர்.

தஞ்சையிலும் நிலை அதுவே. சோழர் ஓவியங்களின்மீது புதிய பூச்சிட்டுத் தம் ஓவியங்களைத் தீட்டிய நாயக்கர் காலத்தவர், பெருமானின் உட்சுற்றை அழகுசெய்யும் நோக்குடையவர்களே. பிளாரன்சில் வசாரி செய்ததற்கும் இதற்கும் நோக்கில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் ஏறத்தாழ அடுத்தடுத்த காலத்தவை என்பதும் கருதத்தக்கது.

எனவே திருப்பணியே கலையின் பகை என்று முடிவுகட்டலாமா? கூடாது. சித்தன்னவாசல் அறிவர் கோயிலை மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த செய்தியை அங்குள்ள 9ஆம் நூற்றாண்டுப் பாடல் கல்வெட்டு கூறுகிறது. அத்திருப்பணி நிகழாதிருந்தால் இன்று நாம் போற்றும் தாமரைக் குளமும் ஆடல் மகளிரும் நமக்குக் கிடைத்திருப்பார்களா என்பது ஐயமே. தஞ்சையில் நாயக்கர் பூச்சு, சோழர் ஓவியத்தை மறைத்ததோடு அதற்குக் காப்பாகவும் ஆயிற்று. மேலடுக்கும் கலையே என்பதை உணர்ந்த இந்தியத் தொல்லியல் துறை, நாயக்கர் ஓவியங்களைச் சிதைக்காமல் தனியே பெயர்த்தெடுத்து வேறு பலகைகளில் பொருத்திக் காத்தது. இரண்டு அடுக்குகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்னும் கதைக்கட்டாயம் தொல்லியலுக்கு இல்லை.

ஆகவே திருப்பணி என்பது நன்மை தீமை என்று ஒருசொல்லில் அடங்குவதன்று. முன்னிருந்ததை அறிந்து செய்யப்பட்டதா, அறியாமல் செய்யப்பட்டதா என்பதே அதன் தரத்தை முடிவுசெய்கிறது.

7. மீட்சியின் வழி

கதையில் தொலைந்த கலையை மீட்பவன் வீரன். நடப்பில் மீட்பது ஆவணம். 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து கிடைத்துக் கடத்தப்பட்ட நடராசர் செப்புத் திருமேனி இலண்டனில் கைப்பற்றப்பட்டது. அதனை மீட்கும் வழக்கில், அதே ஊரில் கிடைத்த பிற திருமேனிகளோடு பாணி ஒப்பீடு, ஒட்டியிருந்த மண், கரையான் தடம் ஆகியவை சான்றுகளாயின. அறிஞர் இரா. நாகசாமி சான்றுரைத்தார். 1988இல் தீர்ப்புக் கிடைத்து, மேல்முறையீட்டுக்குப் பின் 1991இல் திருமேனி தாயகம் திரும்பியது. அரியலூர் மாவட்டச் சிரீபுரந்தானிலிருந்து களவுபோய், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கிய நடராசர் 2014இல் திரும்பியதற்குப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய ஒளிப்படங்கள் துணைநின்றன. கோயிலில் இருந்தபோதே எவரோ ஒருவர் எடுத்துவைத்த ஒளிப்படம், வாதாபி நோக்கிச் சென்ற படையைவிடப் பயன் மிக்கதாயிற்று.

8. மீண்டும் திண்டுக்கல்

திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றங்கரையில் அமைந்த தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபச் சிற்பங்கள், விசயநகர – நாயக்கர் காலக் கலையின் உச்சங்களுள் வைத்தெண்ணத்தக்கவை. உலகளந்த பெருமாள், வைகுண்டநாதர், இரணிய வதம், இரதி, மன்மதன் ஆகியோரோடு அகோர வீரபத்திரரும் ஊர்த்துவ தாண்டவரும் ஒரே மண்டபத்தில் நிற்கின்றனர். பிளாரன்சின் பெருமண்டபம் புதுப்பிக்கப்பட்டதற்குச் சற்று முன்பின்னான காலச்சூழலில் மதுரைச் சீமையில் வளர்ந்த கலை இது. இவை தொலையவில்லை. ஆதலால் இவற்றைப் பற்றி மர்ம நாவல் எதுவும் எழவில்லை. காணாமற்போனதன்மீது காதல் கொள்ளவும், கண்முன் இருப்பதைக் கடந்துசெல்லவும் புனைகதை நம்மைப் பழக்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

மலைக்கோட்டையின் வெற்றுக் கருவறைக்கும் இலக்கியச் சான்று ஒன்று உண்டு. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் இம்மலை இறைவன்மீது பாடிய 'பத்மகிரிநாதர் தென்றல்விடு தூது' உ. வே. சாமிநாதையரால் பதிப்பிக்கப்பட்டது. காதல்கொண்ட தலைவி தென்றலைத் தூதுவிடும் அச்சிற்றிலக்கியத்தை வெறும் அகத்துறைப் பாடலாக மட்டும் கற்பிக்காமல், தலச் சான்றாகவும் வாசித்தல் வேண்டும். ஊர் வழக்கு, தூது நூல், கோட்டைத் தூண்கள், அபிராமியம்மன் கோயிலின் இன்றைய அமைப்பு ஆகிய நான்கையும் அருகருகே வைத்து ஆராயும்போதுதான் திருமேனியின் இடப்பெயர்ச்சி கதைநிலையிலிருந்து வரலாற்றுநிலைக்கு உயரும்.

இவ்வட்டாரத் தமிழ்த்துறை மாணவர்க்கு இதில் உடனடிக் கடமை உண்டு. குடமுழுக்குத் திருப்பணி தொடங்குமுன் ஒவ்வொரு தூணையும் சிற்பத்தையும் கல்வெட்டையும் ஒளிப்படமாகவும் அளவுக்குறிப்பாகவும் பதிவுசெய்தல், பழைய பூச்சின் அடியில் வண்ணத் தடம் தெரிந்தால் பணியை நிறுத்தித் தொல்லியலாரிடம் அறிவித்தல், ஊர் வழக்குகளைச் சொன்னவர் சொற்படியே எழுதிவைத்து அவற்றைச் சான்றுகளிலிருந்து பிரித்துக் காட்டல் ஆகிய மூன்றும் எளியவை. பெருஞ்செலவும் தேவையில்லை.

9. முடிவுரை

கல்கியின் நாவல்கள் தமிழர்க்குத் தம் கலைமீது பற்றை ஊட்டின. மாமல்லபுரத்தையும் காஞ்சியையும் இலட்சக்கணக்கானோர் கண்கொண்டு பார்க்க வைத்தவை அவையே. இப்பெரும்பணியை எந்த ஆய்வும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் அப்பற்றோடு சேர்ந்து, கலைக்குக் கேடு வெளியிலிருந்தே வரும் என்னும் எண்ணமும் வேரூன்றியது. காஞ்சித் தூணில் உள்ள கன்னடக் கல்வெட்டும், அதே கோயிலில் ஓவியத்தை மூடிய சுண்ணமும் அவ்வெண்ணத்தை மறுக்கின்றன. பகைவன் எழுதிவைத்துச் சென்றான். நாம் எழுதிவைக்காமலே பூசிவிட்டோம்.

வரலாற்று நாவலைக் கற்பிக்கும் வகுப்பறையில் இவ்விரண்டு சான்றுகளையும் நாவலின் அருகில் வைத்துக் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்ற மாணவர் மலைக்கோட்டையின் வெற்றுக் கருவறை முன் நிற்கும்போது, யார் எடுத்துச் சென்றார் என்று மட்டும் கேட்கமாட்டார். எடுத்த நாளில் யாரேனும் எழுதிவைத்தார்களா என்றும், இன்று கீழே நடக்கும் திருப்பணியை யார் எழுதிவைக்கிறார் என்றும் கேட்பார்.